நாலு வீட்டுக்கு ஒரே சோலார், ஒரே வெந்நீர் டேங்க்: வட சென்னையில் நடக்குமா?

காலடிப்பேட்டைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு சந்து. ஒட்டி ஒட்டி நாலு வீடு, நடுவுல பொதுச்சுவர். நாலு வீட்டாரும் பேசி ஒரு முடிவுக்கு வர்ற நேரம். துட்டு எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி இங்க கேட்டுடலாம்னு வந்தேன்.

முதல் வீடு எங்களுது. தரைத்தளம் மட்டும்தான், எதிர் மாடியோட நிழல் மத்தியானம் 2 மணிக்கே விழுந்துடும். ரெண்டாவது வீட்டுல வயசான தாத்தா பாட்டி, பசங்க வெளியூர். மாடி காலி, நாள் முழுக்க வெயில். மூணாவது வீட்டு அக்கா இட்லி மாவு அரைச்சுக் கடைங்களுக்குப் போடுறாங்க. ரெண்டு பெரிய கிரைண்டர், ரெண்டு ஃப்ரிட்ஜ், ரெண்டு மாசத்துக்கு 900 யூனிட் பக்கம் வருது. மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு வெச்சிருக்காங்க. நாலாவது வீட்டு அண்ணன் காசிமேட்டுல மீன் எடுத்து தெரு தெருவா விக்கிறவரு. ஐஸ் வாங்கியே காசு கரையுதுன்னு புலம்புவாரு.

எங்க யோசனை: தாத்தா வீட்டு மாடியில 5 கிலோவாட் பேனல், ஒரு பெரிய பேட்டரி, 300 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். செலவு நாலு பங்கு, பலனும் நாலு பங்கு. வெளிநாட்டுல பக்கத்து வீட்டுக்காரங்க கரண்டையும் சூட்டையும் சேர்த்துச் சேமிச்சு பங்கு போட்டுக்கிறாங்கன்னு படிச்சதுல இருந்து இந்த ஆசை. சொல்லுங்க.

---

வயர்மேன்_வியாசர்பாடி

சூடு பத்தி வேற யாராவது சொல்லுவாங்க. நான் கரண்ட் மட்டும் சொல்றேன்: ஒரு வீட்டு சர்வீஸ்ல இருந்து இன்னொரு வீட்டுக்கு வயர் இழுக்காதீங்க.

சட்டம் ஒரு பக்கம். 2003 மின்சாரச் சட்டத்துல பிரிவு 12 இருக்கு. லைசென்ஸ் இல்லாம யாரும் மின்சாரம் விநியோகிக்கவோ விக்கவோ கூடாது. பிரிவு 126-ல, எந்த இடத்துக்குன்னு இணைப்பு வாங்கினீங்களோ அதைத் தாண்டி வேற இடத்துக்கு எடுத்தா அனுமதியில்லாத உபயோகம், அபராதக் கணக்கு போடுவாங்க. "எங்க பேனல், எங்க கரண்ட்"னு நீங்க சொல்லலாம். அந்த மாடியில ஈ.பி. லைனும் சேர்ந்து ஓடுறப்போ அந்தப் பேச்சு எடுபடாது.

உயிர் இன்னொரு பக்கம். நம்ம ஏரியா சந்துங்கள்ல பக்கத்து பக்கத்து வீடே வேற வேற ஃபேஸ்ல இருக்கும். ரெண்டு வீட்டு ஃபேஸும் ஒரே போர்டுல வந்தா நடுவுல 415 வோல்ட். வீட்டுக்குள்ள எல்லாரும் 230-ன்னு நினைச்சுத் தொடுவாங்க. தெரு பில்லர் பாக்ஸ்ல ஃபியூஸ் பிடுங்கிட்டு வேலை செய்யுற லைன்மேனுக்குப் பின்பக்கமா உங்க வயர் வழியா கரண்ட் வந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம்.

---

பில்லு_பாக்குறவன்

வயர்மேன் சொன்னது சரி. அதை விடப் பெரிய தடை ஒண்ணு இருக்கு, காசுக் கணக்கு.

நாலு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருக்கிறதால ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016-ல இருந்து இருக்கு. மொத்தம் 400 யூனிட் சும்மா வருது. சட்டப்படி சேர்க்கணும்னு நாலையும் ஒரே இணைப்பாக்கினா, இலவசம் 100-ஆ சுருங்கும். எல்லார் யூனிட்டும் ஒரே மீட்டர்ல ஏறி 500-ஐத் தாண்டும். தாண்டினதும் ஸ்லாப், அதாவது யூனிட் விலைப் படி, மாறும். 400 வரைக்கும் யூனிட் 5 ரூபாய்க்குள்ள இருக்கிற விலை, 1000-க்கு மேல 11 ரூபாயைத் தாண்டுது.

அடுத்தது, உங்க வீட்டு பில் என்ன? 250, 300 யூனிட்னா ஆயிரம் ரூபாய்க்குள்ளதான் கட்டுவீங்க. அதுக்கு சோலார் போட்டா போட்ட காசு எப்போ திரும்பும்? மாவு அக்காவுக்குத்தான் சோலார் உடனே லாபம். சென்னையில 1 கிலோவாட் பேனல் சராசரியா நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட்னா ரெண்டு மாசத்துல 720 யூனிட். அவங்க 900-ல மிச்சம் 180. மேல் ஸ்லாப் மொத்தமும் காலி. பிரதமர் சூரிய வீடு திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். 3-க்கு மேல எத்தனை போட்டாலும் அதே 78,000-தான். அதனால உங்க 5 கிலோவாட் கூட்டுத் திட்டத்தை விட, அக்கா வீட்டுல தனியா 3 கிலோவாட் புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும். மாவு வியாபாரம் எந்த வகை இணைப்புல ஓடுதுன்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் இணைப்பு யார் பேர்ல இருக்கு? நம்ம பக்கம் பாதி வீட்டுல செத்துப்போன தாத்தா பேர்லதான் இன்னும் ஈ.பி. கார்டு இருக்கு. பேர் மாத்தாம விண்ணப்பிச்சா அங்கேயே நிக்கும்.

---

வாடகை_வீட்டு_ராணி

எல்லாம் சரி, வாடகைக்கு இருக்கிறவங்க யாருக்காவது ஞாபகம் வருதா? கொருக்குப்பேட்டையில நாங்க இருக்கிற வீட்டுல சப் மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வீட்டுக்காரர் வைக்கிறதுதான் விலை, 100 யூனிட் இலவசம்லாம் எங்க கண்ணுல பட்டதே இல்ல. நாளைக்கு அவர் மாடியில மானியத்துல பேனல் போட்டா எங்க ரேட்டு குறையுமா? குறையாது. "சோலார் வெச்ச வீடு"ன்னு வாடகை வேணா ஏறும்.

பங்கு போடுறோம்னு பேசுற எல்லா இடத்துலயும் மாடி யாருதுன்னுதான் முதல் கேள்வி. அதைக் கேக்காம பேனல் விலையை மட்டும் பேசுறீங்க.

---

பெரம்பூர்_அசோசியேஷன்

எங்க அடுக்ககத்துல பொது இணைப்புக்கு சோலார் போட்டிருக்கோம். ஒரே மனைக்குள்ள, ஒரே பொது மீட்டர்ல இருக்கிறதால வயர்மேன் சொல்ற சிக்கல் வராது. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் அதுல. சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம். யார் வீட்டு பில்லும் குறையல, மெயின்டெனன்ஸ்தான் கொஞ்சம் இறங்கிச்சு.

சின்ன அடுக்ககக்காரங்க ஒண்ணு கவனிங்க. 10 வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குப் பொது இணைப்புக் கட்டணத்தை 2023-ல 8 ரூபாய்ல இருந்து 5.50-க்கு இறக்கினாங்க. அந்த வகையா இருந்தா சோலார் போடுறதுல கிடைக்கிற லாபமும் அந்த அளவுக்குக் குறையும்.

நாங்க செஞ்சதுல உருப்படியானது மோட்டார் நேரம். முன்னாடி காலையில 5 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் மோட்டார் போடுவாங்க. இப்போ டைமர் வெச்சு 11-லேர்ந்து 2 வரைக்கும். பேட்டரியே இல்லாம வெயிலை மேல் டேங்க்ல ஏத்தி வெக்கிறோம். சண்டை வந்தது பேனலால இல்ல, வடாம் காயவைக்க இடம் போச்சுன்னு!

---

வெப்பக்கணக்கு

சூட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. நான் வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்தது அநேகமாக கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒகோடோக்ஸ் என்ற ஊர்க் கதையாக இருக்கும். டிரேக் லேண்டிங் குடியிருப்பு, 52 வீடுகள், 2007-ல் ஓடத் தொடங்கியது. கராஜ் கூரைகளில் வெப்பத் தகடுகள். கோடையில் சேரும் சூட்டை 144 ஆழ்துளைகள் வழியாக 35 மீட்டர் ஆழ மண்ணுக்குள் இறக்கி, பனிக்காலத்தில் திருப்பி எடுத்து வீடுகளைச் சூடாக்கினார்கள். அறைச் சூட்டுத் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் வெயிலே கொடுத்தது. பிறகு கருவிகள் பழசாகி, பழுது பார்ப்பது கட்டுப்படியாகாமல், 2024-ல் அதைக் கழற்றத் தொடங்கினார்கள். வீடுகள் எரிவாயுவுக்கு மாறின. மண் கெட்டுப்போகவில்லை. பம்பும் குழாயும்தான் கைவிட்டன. கூட்டு முயற்சியில் இறங்குகிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அவர்களுக்கு ஆறு மாதக் குளிர். நமக்கு மார்கழி, தை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒரு குளிர். ஆனால் 300 லிட்டர் வெந்நீரை அலட்சியமாக நினைக்காதீர்கள். 26 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்றினால் அதில் சேர்வது கிட்டத்தட்ட 12 யூனிட். இதையே பேட்டரியில் வைக்க வேண்டுமானால், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் என்று ஏழு வேண்டும். ஆயுளைப் பார்த்துப் பாதிதான் எடுப்பது என்றால் பதினான்கு. சில வருடத்துக்கு ஒருமுறை அத்தனையையும் மாற்றவும் வேண்டும். டேங்கில் அப்படி மொத்தமாக மாற்ற வேண்டியதில்லை. அவ்வப்போது உப்பைச் சுரண்டிப் பராமரிக்க வேண்டும்.

60 டிகிரித் தண்ணீரை யாரும் மேலே ஊற்றிக்கொள்வதில்லை. 42-க்குக் கலந்தால் 600 லிட்டருக்கு மேல் வரும். 15 லிட்டர் பக்கெட்டில் நாற்பது பக்கெட். நாலு வீட்டுக்குத் தாராளம்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சுவர் தாண்டி வெந்நீர்க் குழாய் போக ஈ.பி. அனுமதி தேவையில்லை. பிரிவு 12-ம் இல்லை, 126-ம் இல்லை. என் கருத்து இதுதான்: கரண்டைப் பங்கு போட அலையாதீர்கள். கரண்ட் அவரவர் மீட்டரோடு நிற்கட்டும். சூட்டையும் குளிரையும் தண்ணீரையும் பங்கு போடுங்கள்.

---

சிங்காரத்_தோப்பு

சார், மே மாசம் பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டு பைப்பைத் தொறந்து பாருங்க. கையை வைக்க முடியாது. சிண்டெக்ஸ் டேங்கே எங்க சோலார் ஹீட்டர், மானியம்கூட வேணாம். மெட்ராஸ்ல வெந்நீர் டேங்க் பத்தி இவ்ளோ பேசுறது இன்னா கூத்து பா 😀

---

வெப்பக்கணக்கு

மே மாதத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அதனால்தான் வருடம் முழுக்க எத்தனை நாள் வெந்நீர் வேண்டும் என்று நாலு வீடும் முதலில் சொல்லட்டும் என்கிறேன். வயசானவர்கள், பிள்ளை பெற்ற வீடு, விடியற்காலை மீன் வாடையோடு வருகிறவர் இவர்களுக்கு மழைக்காலத்திலும் வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு மாதம்தான். மழைக்காலத்தில் வெயிலும் குறைவு என்பதையும் மறைக்க வேண்டாம். அந்த நாட்களுக்கு டேங்கில் மின் ஹீட்டர் ஒன்று இருக்கும், அது தாத்தா வீட்டு மீட்டரில் ஓடும். அந்தக் காசை யார் கொடுப்பது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

---

காசிமேடு_கருவாடு

குளிர் பத்தி சொன்னீங்களே, அங்க வர்றேன். நம்ம ஊருக்கு சேமிக்க வேண்டியது சூடு இல்ல, ஐஸ். மீன்கார அண்ணனுக்கு விடிகாலையில ஐஸ் வேணும். வெயில் அடிக்கிறது மத்தியானம். மத்தியானம் உறைய வெச்சு விடிகாலைக்கு எடுத்தா அதுதான் பேட்டரி.

வெப்பக்கணக்கு சார், ஒரு கணக்கு போட்டுக் கொடுங்க. 50 கிலோ ஐஸுக்கு எத்தனை யூனிட்?

---

வெப்பக்கணக்கு

30 டிகிரித் தண்ணீரை 0-க்கு இறக்கக் கிலோவுக்கு 126, அதை உறைய வைக்க 334, சேர்ந்து 460 கிலோஜூல். 50 கிலோவுக்கு 23,000 கிலோஜூல், அதாவது 6.4 யூனிட் அளவு குளிர். சின்ன கம்ப்ரசர் 1 யூனிட் கரண்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் குளிர் தரும் என்று வைத்தால் 3 முதல் 4 யூனிட் ஆகும். 1 கிலோவாட் பேனலின் ஒரு நாள் விளைச்சல்.

ஆனால் கடையில் வாங்கும் டீப் ஃப்ரீசர் ஏற்கெனவே உறைந்ததைக் காக்கத்தான் செய்யப்பட்டது, ஐஸ் ஃபேக்டரி வேலைக்கு அல்ல. ஒரு பகலில் அதில் கால்வாசி உறைந்தாலே சந்தோஷப்படலாம். அண்ணன் வாங்குகிற ஐஸ் முழுக்க நிற்காது, கொஞ்சம் குறையும். தண்ணீர் பாட்டில்களை நிரப்பி உறைய வைத்து பெட்டியில் அடுக்கினால் உருகிய தண்ணீர் மீனில் படாது, பாட்டில் மறுநாளும் உதவும்.

---

காசிமேடு_கருவாடு

பாட்டில் ஐஸ் கொண்டு போற வழிக்குச் சரி, மீன் மேல பரப்ப நொறுக்கின ஐஸ்தான் வேணும் சார். ஆனா பாதி செலவு குறைஞ்சாலே அண்ணன் கோயிலுக்கு மொட்டை போடுவாரு. ஃப்ரீசரை மாவு அக்கா வீட்டுல வெச்சு அவங்க சோலார்ல ஓட்டி, மாசம் இவ்வளவுன்னு ஐஸுக்குக் காசு கொடுத்தா வயரே தாண்ட வேணாம். ஐஸ்தான் சுவரைத் தாண்டும்!

---

எர்ணாவூர்_சாம்பல்

எல்லாரும் 1 கிலோவாட்டுக்கு 4 யூனிட்னு போடுறீங்க. எங்க பக்கம் வந்து மாடியில வெள்ளைத் துணி காயப்போட்டுப் பாருங்க. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல மூடினாலும் வடசென்னை, வல்லூர்னு சுத்தி ஓடிட்டுத்தான் இருக்கு. ஊருக்கெல்லாம் கரண்ட் இங்கேர்ந்துதான் போகுது, சாம்பல் மட்டும் எங்ககிட்ட தங்கிடுது. பேனல் மேல அது படிஞ்சா விளைச்சல் இறங்கும். லேசா தூறினா இன்னும் மோசம், சேறு மாதிரி ஒட்டிக்கும். வாரம் ஒரு தடவையாவது கழுவணும். விடிகாலையில கழுவுங்க, உச்சி வெயில்ல சூடான கண்ணாடி மேல தண்ணி ஊத்தாதீங்க. போர் தண்ணி ஊத்தினா வெள்ளை வெள்ளையா உப்புத் திட்டு நிக்கும், துடைச்சு விடணும்.

கடல் பக்கமா இருக்கிறதால பேனல் வாங்குறப்போ ஐ.இ.சி. 61701 உப்புக்காற்றுச் சோதனை பாஸ் ஆனதான்னு கேளுங்க. நட்டு போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அப்புறம் காத்து. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் ரெண்டு புயலையும் பார்த்த ஊர். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் மேல பேனலைக் கட்டவே கூடாது. ஷெட்டைத் தாண்டித் தனிக் கால் ஊன்றி ஸ்ட்ரக்சர் போடணும். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி.

கூட்டா போட்டா கழுவுறது யாரு? லாரித் தண்ணி க்யூவுல குடம் போட்டு இடம் பிடிக்கிறதுக்கு எல்லாரும் வருவாங்க, லாரி போனப்புறம் தெருவைக் கூட்ட ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதே கதைதான் இதுவும். முறை போட்டு சுவத்துல எழுதி ஒட்டுங்க.

---

காலடிப்பேட்டைக்காரன்

இவ்வளவு பேர் எழுதினதுக்கு ரொம்ப நன்றி. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: புயல்ல கரண்ட் போனா அக்கா வீட்டு சோலார் ஓடுமா? மிக்ஜாம் நேரத்துல நாள் கணக்கா இருட்டுல இருந்தோம், அந்த பயம்.

---

வயர்மேன்_வியாசர்பாடி

ஓடாது. ஈ.பி. லைனோட சேர்ந்து ஓடுற சாதா கிரிட் இன்வர்ட்டர், லைன்ல கரண்ட் இல்லைன்னா தானா நின்னுடும். அப்படித்தான் இருக்கணும், இல்லைன்னா தெருவுல வேலை செய்யுறவன் உயிர் போகும். ஓடணும்னா ஹைபிரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேணும், விலை நிறைய கூடும். தாத்தாவுக்கு ஒரு ஃபேன், ரெண்டு லைட், செல்போன் சார்ஜுக்கு ஒரு சின்ன இன்வர்ட்டர் தனியா போதும். அதுக்காக நாலு வீட்டுத் திட்டத்தையே பெருசாக்காதீங்க.

---

வாடகை_வீட்டு_ராணி

தாத்தாவுக்கு இதுல என்ன லாபம்னு யாரும் சொல்லலையே? மாடி அவருது. வெந்நீர் டேங்க் அங்கதான் வரும். மின் ஹீட்டரும் அவர் மீட்டர். ரிப்பேர்காரன் ஏறி இறங்குறதும் அவர் வாசல் வழியா. நாளைக்குப் பசங்க வந்து வீட்டை விக்கிறோம்னா டேங்க் யாருக்கு?

---

காலடிப்பேட்டைக்காரன்

நேத்து இதைத்தான் உட்கார்ந்து பேசினோம். தாத்தா டேங்குக்குப் பணம் போட வேணாம், வெந்நீர் இலவசம். மீதி மூணு வீடும் செலவைப் பிரிச்சுக்கும். ஒவ்வொரு வீட்டுக் குழாய்லயும் ஒரு தண்ணி மீட்டர், மழைக்காலத்துல மின் ஹீட்டர் ஓடுற காசை அந்த அளவுப்படி தாத்தாவுக்குக் கொடுத்துடணும். வீடு கைமாறினா டேங்கை நாங்க இறக்கிக்கிறோம். பையன்கிட்டயும் போன்ல பேசி, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதுறோம்.

அக்கா தனியா 3 கிலோவாட். பேர் மாத்த மனு கொடுத்தாச்சு, மாமனார் பேர்லதான் இருந்துச்சு! இணைப்பு வகையையும் கூடவே விசாரிக்கிறாங்க. மீன்கார அண்ணன் ஃப்ரீசர் அங்க போகுது. நான் மட்டும் பேனலே இல்லாம வெந்நீரோட நிக்கிறேன்.

குழாய் பத்தி யாராவது சொல்லுங்க. தாத்தா வீட்டுல இருந்து நாலாவது வீட்டுக்கு 15 மீட்டர் வரும்.

---

வெப்பக்கணக்கு

சாதா பி.வி.சி. வேண்டாம், சூட்டில் வளையும். சி.பி.வி.சி. போட்டு மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள், அது வெயிலில் பொடியாகாமல் இருக்க அதன்மேல் ஒரு உறை. அரை அங்குலக் குழாய் 15 மீட்டரில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீர் நிற்கும். ராத்திரி முழுக்க ஆறிப்போன அந்தத் தண்ணீர் போனபிறகுதான் சூடு வரும். அதைக் கீழே விடாமல் ஒரு வாளியில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு அங்குலக் குழாய் போட்டால் இந்த வீண் இன்னும் கூடும், ஆசைப்படாதீர்கள்.

உங்கள் போர் தண்ணீர் உப்பா? அப்படியானால் தகட்டுக்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றி, டேங்கில் சூட்டை மட்டும் கைமாற்றும் வகை வாங்குங்கள். இல்லையென்றால் தகட்டின் செப்புக் குழாய்கள் சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்ளும்.

---

சிங்காரத்_தோப்பு

கிண்டல் பண்ணினவன்தான் பா, ஒரு சீரியஸ் கேள்வி. தாத்தா வீடு பழைய வீடா? மேல மெட்ராஸ் டெரஸா?

---

காலடிப்பேட்டைக்காரன்

ஆமா. தேக்குக் கட்டை, மேல செங்கல், சுண்ணாம்பு. அப்பா காலத்துக்கு முன்னாடி கட்டினது. ஏன்?

---

சிங்காரத்_தோப்பு

300 லிட்டர் தண்ணியே 300 கிலோ. டேங்க், ஸ்டாண்டு, தகடு எல்லாம் சேர்த்தா இன்னும் மேல. குளிர்ந்த தண்ணி டேங்க் அதைவிட உயரத்துல நிக்கணும், அதுவும் எடை. நடு மாடியில வெச்சா கட்டை தாங்குமான்னு யோசிங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுல சிண்டெக்ஸ் வெச்ச இடத்துல தளமே கீழ இறங்கி நிக்குது. ஸ்டாண்டோட கால் சுவருக்கு நேர் மேல வர்ற மாதிரி ஐ பீம் குறுக்கப் போட்டு, எடையைச் சுவருக்கு இறக்கணும். கட்டை நுனி சுவத்துக்குள்ள போற இடத்துல கரையான் அரிச்சிருக்கான்னு தட்டிப் பாக்கச் சொல்லுங்க. மெட்ராஸ் டெரஸ் வேலை தெரிஞ்ச பழைய கொத்தனார் இருந்தா அவரைக் கூப்பிடுங்க, புதுப் பசங்களுக்கு கான்கிரீட்தான் தெரியும்.

---

காலடிப்பேட்டைக்காரன்

பொதுச்சுவர் ஒன்பது அங்குலம். அது மேல ஒரு கால், எதிர்ச் சுவர் மேல ஒரு கால்னு பீம் போட்டா சரியா வரும்னு நினைக்கிறேன், ஆனா பொதுச்சுவர்ல பாதி எங்களுது, பாதி தாத்தாவுது. ஞாயித்துக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையில இருந்து ஒரு கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். அவர் தட்டிப் பார்த்துச் சொன்னப்புறம்தான் டேங்குக்கு அட்வான்ஸ்.